கோல் கம்பத்தடியில் கல்லறைச் சாவி

டுரோமின் ஊரில் அட்ராக்டா பிரெஹனி கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் "மே..." என்று கத்துவார். அவளுடைய கல்யாணத்தன்று பாதிரியார் பேசிக்கொண்டிருந்தபோதே பின்வரிசையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இப்போது அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் பின் சீட்டுப் பிள்ளைகளும் கத்துகிறார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியாது.

அவளுக்குப் பத்து வயதில் ஆரம்பித்தது இது. பள்ளியிலிருந்து பக்கத்து ஊரான நாக்பானுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே குன்றின் உச்சியில் ஐயாயிரம் வருடத்துக் கல்லறை இருக்கிறது. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். வகுப்பே போனது. இருட்டைக் கண்டு மிரண்ட அட்ராக்டா மட்டும் வெளியே, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளோடு நின்றாள். முழங்காலெல்லாம் மண்ணாக வெளியே வந்த கன்செப்டா கில்ஹூலி முதல் "மே"யைப் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான். ஆள் செத்தால் இரங்கல் அறிவிப்பிலும் அதைச் சேர்த்துத்தான் அச்சடிப்போம். இல்லாவிட்டால் யார் போனது என்று ஊருக்குப் புரியாது. 'அட்ராக்டா (ஆடு) பிரெஹனி' என்று பேப்பரில் வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று ஐம்பத்தாறாவது வயதில் அவள் முடிவு செய்தாள்.

கோடை விடுமுறைக்குக் கணவர் ஜார்லத் ஸ்பெயின் போகலாம் என்றார். அவள் அவரை வேனில் ஏற்றிக் கற்காலத்துக்குக் கூட்டிப்போனாள். இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக, முதலில் கூரையே இல்லாத கோட்டைகள். பிறகு பர்ரன் பாறைவெளியில், காற்று உள்ளே புகுந்து வெளியே போகும் கல்திட்டை. அடுத்தது ஒரு பழைய கோட்டைக்கு அடியில் இருந்த நிலவறை. அதற்குள் தலையை விட்டவள் பிடரியில் கால்பட வெளியே ஓடிவந்தாள். மறுநாள் திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். நியூகிரேஞ்ச் பெருங்கல்லறைக்குள் வழிகாட்டிப் பெண் விளக்குகளை அணைத்தபோது, ஜார்லத்தின் கையை நசுக்கினாளே தவிர நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"இன்னும் எத்தனை செத்தவங்க வீட்டுக்குத்தான் போகணும்?" என்றார் ஜார்லத், விரல்களை ஊதிக்கொண்டே.

"ஒண்ணே ஒண்ணு. நாக்பான்."

விடுமுறையின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. கல்லறைக் கதவின் சாவி குன்றடியில் வசிக்கும் கான்லத் டார்பி வீட்டில் இருக்கும். வீடு பூட்டியிருந்தது. கதவில் ஒரு துண்டுச்சீட்டு: "மேட்சுக்குப் போயிருக்கிறேன். சாவியும் என்னோடு."

"இன்னொரு நாள் வரலாமே," என்றார் ஜார்லத்.

"நாளைக்கு ஸ்கூல் திறக்குது. இன்னொரு வருஷம் அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு என்னால பஸ் ஓட்ட முடியாது. வண்டியத் திருப்பு."

அன்று டுரோமினுக்கும் கில்பிராக்குக்கும் 'கேலிக்' என்ற ஐரிஷ் கால்பந்து ஆட்டம். பொது இடமாக நாக்பான் மைதானம். கோல் கம்பத்தடியில் நீள வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கோல் நடுவராக நின்றவர் கான்லத். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் அவர் வெள்ளைக் கொடி ஆட்டுவார், ஒரு புள்ளி. வலைக்குள் போனால் பச்சைக் கொடி, கோல், மூன்று புள்ளி. பேப்பருக்கு எழுத வந்த நான் அவருக்கு நேர் பின்னால் நின்றேன்.

"கான்லத் ஐயா, கல்லறைச் சாவி வேணும்!"

"யம்மா, இங்க ஆட்டம் ஓடிக்கிட்டிருக்கு!"

"பாக்கெட்லதானே இருக்கு? தூக்கிப் போடுங்க."

"அஞ்சாயிரம் வருஷமாப் படுத்துக் கிடக்குறவங்க இடைவேளை வரைக்கும் படுத்திருக்க மாட்டாங்களா?"

அதற்குள் பந்து தலைக்கு மேலே பறந்தது. கான்லத் பாய்ந்துபோய் வெள்ளைக் கொடியை ஆட்டினார். கில்பிராக்குக்குப் புள்ளி.

"யோவ், பொம்பளகிட்ட கதை பேசிட்டு எங்கய்யா பந்தப் பாத்த? வெளிய போச்சு அது!" என்று டுரோமின் கூட்டம் கொதித்தது.

இடைவேளையில் சாவி கைக்கு வந்தது. கார் டிக்கியைத் திறந்து ஹாம் சாண்ட்விச் பங்கிட்டுக்கொண்டிருந்த கன்செப்டா அதைப் பார்த்துவிட்டாள்.

"மே...!" சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "எங்கடி கிளம்பிட்ட? புல்லு மேயவா?"

"குன்றுக்கு. மேட்ச் முடிஞ்சதும் நீயும் வா. எல்லாரும் வாங்க!"

ஜார்லத் அவள் காதருகே குனிந்தார். "இப்பவே சத்தமில்லாம போயிட்டு வந்துரலாமே?"

"சத்தமில்லாமப் போறதுக்கு நியூகிரேஞ்சே போதுமே. இத ஊரு பாக்கணும்."

டுரோமின் ஒரு புள்ளியில் ஜெயித்தது. ஜெயித்த கூட்டத்துக்குக் குன்று ஒரு பொருட்டா? சிவப்புக் கொடிகளோடு அப்படியே ஏறியது. கான்லத்தும் கோட்டைக் கழற்றாமல், கொடிகளைக் கக்கத்தில் இடுக்கியபடி மூச்சிரைக்க வந்தார். ஆட்டத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நானும் ஏறினேன்.

அட்ராக்டா இரும்புக் கம்பிக் கதவைத் திறந்தாள். டார்ச்சை ஜார்லத்திடம் கொடுத்துவிட்டாள். கழுத்தில் டுரோமினின் சிவப்புத் துண்டு. மண்டியிட்டாள். தலை போனது, இடுப்பு போனது, கடைசியில் பூட்ஸும் போனது.

வெளியே எல்லோரும் வாசலை நோக்கிக் குனிந்தார்கள்.

"மாட்டிக்கிட்டாளோ?" என்றான் ஒருவன். ஜார்லத் அவனை முறைத்தார்.

அப்போது மலையின் வயிற்றுக்குள்ளிருந்து, கல்லில் மோதி, பெரிதாக ஒரு சத்தம் வந்தது.

"மே...!"

ஆட்டத்தை ஜெயித்த புள்ளிக்குக்கூட அந்தக் கூட்டம் அப்படிக் கத்தவில்லை. நெற்றிவரை மண்ணோடு அட்ராக்டா வெளியே வந்தாள். கழுத்தில் துண்டு இல்லை.

"பாதி வழியில உக்காந்து கத்துனா யாருக்குத் தெரியும்?" என்றாள் கன்செப்டா.

"கடைசிக் கல்லுல சுருள் சுருளா செதுக்கியிருக்கு, தடவினாலே தெரியும். அதுக்குக் கீழ துண்ட வச்சுட்டு வந்திருக்கேன். எடுத்துட்டு வாயேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கன்செப்டா தவழ்ந்து போனாள். அவள் குதிகால் மறைந்ததும் கதவு கிரீச்சிட்டது, சாவி திரும்பியது.

சற்று நேரத்தில் கம்பிகளுக்குப் பின்னால் சிவப்புத் துண்டு தெரிந்தது.

"இந்தா உன் துண்டு. அங்கதான் இருந்துச்சு, ஒத்துக்குறேன். கதவத் திற, ஆடு!"

"ஆடா? அதெல்லாம் அந்தப் பக்கம் மேயுது. ஒண்ணக் கூப்பிடவா?"

"விளையாடாதடி, பின்னால ஒரே இருட்டா இருக்கு!"

"இருட்டு கடிக்காது, நான் பாத்துட்டுத்தான் வந்தேன். எனக்குப் பேரு இருக்கு, கன்செப்டா."

கான்லத் தயங்கினார். "யம்மா, சாவி என் பொறுப்பு..."

"சும்மா இருங்கய்யா!" என்றது கூட்டம்.

கன்செப்டா கம்பிகளைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்தாள்.

"அட்ராக்டா."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"அட்ராக்டா பிரெஹனி! போதுமா?"

கான்லத் யோசிக்கவே இல்லை. கக்கத்திலிருந்து பச்சைக் கொடியை உருவி, தலைக்கு மேலே ஆட்டினார். அட்ராக்டா சாவியைத் திருப்பினாள்.