சோளகத்தில் திரும்பிய மண்

முல்லைத்தீவுக் கரையில் கடலைப் பற்றி யார் வாய் திறந்தாலும் அல்பேர்ட் குறுக்கே விழுவார். பதினொரு வருடம் மாலைதீவில் மேசன் வேலை செய்தவர். அந்தப் பவளத் தீவுகள் தண்ணீருக்குள் போய்விடும் என்று ரேடியோ சொன்னால் போதும், மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"ஒரு தீவும் தாழேல்லை. ஒரு பக்கத்து மண்ணைக் கடல் அள்ளும், மற்றப் பக்கத்தில போடும். காத்து மாறினா திரும்பக் கொண்டுவரும். என்ர கண்ணால பாத்தனான்."

பார்த்தது உண்மைதான். அதனால் அவரோடு வாதாடி யாரும் வென்றதில்லை.

அவர் அங்கே இருந்தபோதுதான் மகள் டக்சாயினி டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். ஆறு வயது. லீவு கிடைத்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒன்பது நாள். கடற்கரைச் சேமக்காலையில் ஒரு மண்மேடும் சின்னச் சீமெந்துச் சிலுவையும்தான் அவருக்கு மிஞ்சின.

போன கார்த்திகையில், இறந்தவர்களின் திருநாளுக்கு அங்கே போன மனைவி கிறேஸ் முகம் வெளிறித் திரும்பினார்.

"கடலுக்கும் பிள்ளைக்கும் இடையில பத்துக் காலடிதான் கிடக்கு. எலும்பை எடுத்து ஊருக்குள்ள புதுச் சேமக்காலையில வைப்பம் எண்டு பங்குச் சுவாமி சொல்லுறார். ஓம் எண்டு சொல்லுங்கோ."

"வாடைக் காத்துக்குக் கடல் அள்ளுறது வழமை. சோளகக் காத்துக்கு மண் திரும்பி வரும். பிள்ளையைக் கிண்ட விடமாட்டன்."

அவரைத் திட்டவும் யாருக்கும் மனம் வரவில்லை. மகளை மண்ணுக்குள் இறக்கியதைப் பார்க்காத தகப்பன், வெளியே எடுப்பதை எப்படிப் பார்ப்பார்? ஊரார் ஒவ்வொருவராகத் தங்கள் ஆட்களை எடுத்துப் போனார்கள். சுவாமி இரண்டு தரம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

மார்கழியில் புயல் அடித்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் சேமக்காலையில் பாதி இல்லை. மேடுமில்லை, சிலுவையுமில்லை. கிறேஸ் அழவில்லை, ஏசவுமில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் அல்பேர்ட்டுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வைகாசியில் சோளகம் பிடித்தது. அவர் சொன்னபடியே மண் வந்தது. முன்பைவிட அகலமாக, வெள்ளை வெளேரென்று கரை நிறைந்து கிடந்தது. "அல்பேர்ட் அண்ணை சொன்னது சரிதான்" என்று வலை காயப்போட வந்தவர்கள் மனதாரப் பாராட்டினார்கள்.

அன்றுதான் கிறேஸ் அந்தப் பேச்சை எடுத்தார். புது மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார்.

"மண் வந்திட்டுது. பிள்ளை எந்த இடத்தில படுத்திருந்தவள் எண்டு காட்டுங்கோ."

அல்பேர்ட் கையை உயர்த்தினார். எந்தப் பக்கம் நீட்டுவதென்று அவருக்குத் தெரியவில்லை.