முளைக்காத கட்டுகள்

கேரளத்தில் எடவப்பாதி என்று சொல்லும் பருவமழை தொடங்கிய வாரத்தில் எங்கள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை என் தாய்மாமன் மகன். மலைமேல் ஒரு கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்கு வேலை. கல்யாண லீவில் மட்டாஞ்சேரிக்கு வந்தவர், ஒரு டிரங்குப் பெட்டியோடு அறுபதுக்கு மேல் கோதுமைக் கதிர்க்கட்டுகளையும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய அட்டை தொங்கியது. லீவு முடிவதற்குள் எல்லாவற்றையும் அளந்தாக வேண்டுமாம்.

"கப்பல்ல வந்து எறங்குற கோதம்பு போதாதுன்னு நீ வேற சொமந்துட்டு வந்தியாடா?" என்றார் மாமா. ரேஷன் கோதுமையைத் தின்று அலுத்தவர் அவர்.

மச்சில் கயிறு கட்டிக் கட்டுகளைத் தொங்கவிட்டோம். கதிரின் நீளம், அதன் நுனியில் நீட்டி நிற்கும் மீசையின் நீளம், மணிகளின் எண்ணிக்கை, எடை என்று நான் பார்த்துச் சொல்ல, அவர் எழுதினார். புதுப்பெண்ணுக்கு இது என்ன வேலை என்று அத்தை முணுமுணுத்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. கூச்சப்படாமல் பக்கத்தில் உட்கார அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

"இதெல்லாம் எதுக்கு அத்தான்?"

"எது எதுலேர்ந்து எவ்வளவு வேறன்னு தெரியணும். ரொம்ப விலகி இருக்கிற ரெண்டைச் சேர்த்தாத்தான் புதுசா நல்ல ரகம் கிடைக்கும். நெருங்கின சொந்தத்துக்குள்ள சேர்த்தா பிரயோஜனம் கம்மி."

"அப்போ நம்மள ஏன் சேர்த்து வெச்சாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே தாளில் தப்பாக எழுதி அடித்தார்.

பாதி வேலை முடிந்த நேரத்தில் மறுவீட்டுக்கு ஆலுவா போய் நான்கு நாள் தங்கினோம். திரும்பி வந்தபோது மச்சில் ஓடு விலகி, எல்லாக் கட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. கதிரிலேயே மணிகள் பச்சையாக முளைவிட்டிருந்தன. விதை பண்ணையில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் இனி இந்த மணிகளை எடைபோட முடியாது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒவ்வொரு கட்டாகக் கழற்றினேன். சில கட்டுகள் மட்டும் ஈரமாக இருந்தும் முளைக்கவில்லை.

"அத்தான், இங்க பாருங்க. இதுவும் நனஞ்சுதான் கிடக்கு. ஒரு மணிகூட முளைக்கல."

எழுந்து வந்து பார்த்தார். முளைக்காதவற்றில் பெரும்பாலானவை சிவப்பு மணி. மீசையிலும் நீளத்திலும் இரட்டைப் பிள்ளைகள் போலிருந்த இரண்டு கட்டுகளில் ஒன்று முளைத்திருந்தது, மற்றது முளைக்கவில்லை.

"அறுப்பு நேரத்து மழையில நனஞ்சாலும் கதிர்லயே முளைக்காத ரகம்னா விளைச்சல் வீணாகாது. இதை அளக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே!" என்றார். தாளில் முளைப்பைக் குறிக்கப் புதிதாக ஒரு கோடு போட்டார். அன்று சாயாகூடக் குடிக்காமல் சாயங்காலம் வரை எண்ணினோம்.

நடந்ததை மறைக்காமல் மேலதிகாரிக்கு எழுதினார். பண்ணையில் எல்லாவற்றையும் ஒரே அளவு நனைத்து மறுபடியும் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. அடுத்த அறுவடையில் அப்படியே செய்தார்கள். ஏறக்குறைய அதே கட்டுகள்தான் முளைக்காமல் நின்றன. அப்போது நானும் மலைக்குப் போய்விட்டிருந்தேன். கம்பளி போர்த்திக்கொண்டு, நனைந்த கதிர்களை அவரோடு சேர்ந்து எண்ணினேன்.