இர்மேலிக்கு 4.8, எனக்கு 3.2

ஆய்வகக் கதவருகே காலணிகளைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஓசையில்லாமல் நுழைந்து, காபிக் கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்து மறந்துவிடுகிறார் இர்மேலி. பத்து நிமிடம் கழித்து, "என் காபியப் பாத்தீங்களா?" என்று கேட்பார். உடனே இரண்டு மாணவர்கள் எழுந்து தேடுவார்கள். என் காபிக்காக இதுவரை யாரும் எழுந்ததில்லை. நான் கோப்பையை எங்கும் மறந்து வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அவர் போட்டிருக்கும் காலுறையில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மாணவர்களே பின்னிக் கொடுத்தது. பின்லாந்தின் வாசா நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நானும் அவரும் பதினேழு ஆண்டுகள் டிஜிட்டல் லாஜிக் பாடத்தை ஆளுக்கொரு பிரிவாக நடத்தினோம். ஒரே பாடம், ஒரே தேர்வு. அந்தப் பதினேழு ஆண்டுகளில் எனக்கு யாரும் ஒரு கைக்குட்டைகூடத் தந்ததில்லை.

இர்மேலிக்கு வயது ஐம்பத்தெட்டு. நரைத்த முடியைச் சுருட்டிப் பென்சிலைக் குத்தி நிறுத்தியிருப்பார். எழுத வேண்டுமானால் பென்சிலை உருவுவார், முடி முகத்தில் விழும், அப்படியே எழுதுவார். ஆசிரியர் ஆவதற்கு முன் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். "முதல்ல சொல்லு, அப்புறம் கரன்ட்" என்ற அவருடைய வாசகம் அங்கிருந்து வந்ததுதான். துளைகள் நிறைந்த சின்னப் பலகையில் சிப்பையும் கம்பிகளையும் சொருகி முடித்த மாணவன், எந்த விளக்கு எரியும், எது எரியாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை மின்சாரம் கிடையாது. சொன்னது தப்பாகப் போனால் இர்மேலிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும். "அடடா, அழகான தப்பு. எல்லாரும் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார். என் வகுப்பில் தப்பு செய்தவன் பலகையைக் கையால் மறைக்கிறான். அவர் வகுப்பில் தப்பு செய்தவன் கல்யாண மாப்பிள்ளை போல நடுவில் நிற்கிறான்.

ஆண்டுதோறும் ஒரு வேடிக்கை நடக்கும். மாணவனின் விளக்கு இர்மேலி பக்கத்தில் வந்து கை வைத்தால் எரியும். அவர் நகர்ந்தால் அணைந்துவிடும். "சிப்புக்கே உங்களத்தான் பிடிச்சிருக்கு" என்றான் வில்ப்பு என்ற பையன்.

"என்னையெல்லாம் பிடிக்கல. எங்கயோ சிப்போட ஒரு கால் அந்தரத்துல தொங்குது. நீ ஒண்ணா பூஜ்யமான்னு அதுக்கு யாரும் சொல்லல. அது போறவர்ற கையப் பாத்து ஆடுது. தேடு" என்றார்.

இதையே நான் நாற்பத்தோராம் ஸ்லைடில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறேன்: சிப்பின் எந்த உள்ளீட்டுக் காலையும் இணைக்காமல் விடாதே. நாற்பத்தோராம் ஸ்லைடைப் பற்றி எந்த மாணவனும் எதையும் எழுதியதில்லை.

மாணவர்கள் ஆசிரியர்களைப் பற்றி எழுதுவதை எங்கள் கல்லூரியில் மறைப்பதில்லை. பருவம் முடிந்ததும் எல்லாம் இணையத்தில் வந்துவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் என்னுடையதை ஒருமுறை படிப்பேன். இர்மேலியுடையதை நாலைந்து முறை படிப்பேன். "இவங்க கிளாஸ்ல தூங்க முடியல, அது ஒண்ணுதான் குறை." "பள்ளிக்கூடத்துலேர்ந்து எனக்குக் கணக்குன்னாலே பயம். இப்ப இல்ல." ஐந்துக்கு 4.8. என் பக்கத்தில், "ஸ்லைடெல்லாம் நல்லா இருக்கு, வீட்லயே படிச்சுக்கலாம்" என்று ஒருத்தி. "ஆர்வோ சொல்றது எப்பவும் சரிதான்" என்று இன்னொருவன். 3.2. எப்பவும் சரியாகச் சொல்பவனுக்கு 3.2 எப்படி வரும் என்று பல நாள் வயிறு எரிந்திருக்கிறேன். அவருடைய மாணவர்கள் தேர்வில் கோட்டைவிட வேண்டும் என்று ஒரு டிசம்பரில் மனமார விரும்பியதும் உண்டு. அவர்கள் நன்றாகவே எழுதினார்கள்.

போன வசந்தத்தில் மாணவர் சேர்க்கை குறைந்து, இரண்டு பிரிவுகள் ஒன்றாயின. பாடம் ஒருவருக்குத்தான். மற்றவர் பக்கத்து அறையில் மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கப் போக வேண்டும். இருவரும் ஒரே நாளில் இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுப்பது, ஏழு மாணவர்கள் கேட்டுவிட்டு யார் வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டில் கருத்தோடு எழுதிப் பெட்டியில் போடுவது, அதன்படி முடிவு என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பாடத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. அவருக்கு எங்கே போனாலும் யாராவது காலுறை பின்னிக் கொடுப்பார்கள்.

அன்று நான் ஸ்லைடுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பலகையும் சிப்புமாகப் போனேன். மூன்று பொத்தான்கள், இரண்டு பேராவது அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். இர்மேலி தன் வகுப்பை முடித்துவிட்டு முன்வரிசையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரிலேயே, கூசாமல், "முதல்ல சொல்லுங்க, அப்புறம் கரன்ட்" என்றேன். எரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். வில்ப்புவும் கெர்த்து என்ற பெண்ணும் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினார்கள். விளக்கு எரிந்தது. நான் நிமிர்ந்து ஓரடி பின்வாங்கியதும் அணைந்தது. குனிந்தேன், எரிந்தது. நிமிர்ந்தேன், அணைந்தது. நாற்பத்தோராம் ஸ்லைடு எனக்கு மனப்பாடம். ஆனாலும் எந்தக் கம்பி என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

இர்மேலி கோப்பையோடு எழுந்து வந்தார். வேடிக்கை பார்ப்பவர் போல என் மேசையில் முழங்கையை ஊன்றி, இடது கையைப் பலகையின் ஓரத்தில் வைத்தார். விளக்கு நின்று எரிந்தது. அப்போதுதான் பார்த்தேன், ஒரு கம்பியின் முனை துளையில் இறங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய ஆள்காட்டி விரல் அந்த முனையையும் பக்கத்து மின்கம்பியையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. ஐந்து வோல்ட்டுதான், உடம்புக்குத் தெரியாது. துளையில் சொருகியிருந்தால் ஏழு பேரும் பார்த்திருப்பார்கள்.

"மேல சொல்லு ஆர்வோ, நல்லாப் போகுது" என்றார்.

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நாலுக்கு மூன்று என்று பாடம் எனக்கு வந்தது. "ஆர்வோவுக்கு இப்படிக்கூட நடத்தத் தெரியுமா!" என்று ஒரு சீட்டில் இருந்தது. அவர்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை, கூடித்தான் போயிருக்கிறது. முன்பு அவருக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது எனக்குக் கிடைத்ததைப் பார்த்தாலும் அவர் நினைவுதான் வருகிறது.

அன்று என் இருபது நிமிடம் முடிந்ததும் மாணவர்கள் எழுத உட்கார்ந்தார்கள். விளக்கு இனி எரிய வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் எழுதுகிறவர்கள் நடுநடுவே தலைதூக்கி அதைப் பார்த்தார்கள். இர்மேலி முழங்கையை ஊன்றியபடியே, வலது கையில் ஆறிப்போன காபியோடு நின்றார். கெர்த்துதான் கடைசி. அவள் சீட்டை இரண்டாக மடித்துப் பெட்டியில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அதன்பிறகுதான் இர்மேலி விரலை எடுத்தார்.