ரேவதி கேட்ட சப்டைட்டில்

ரேவதி போய்விட்டாள். நேற்று காலையில். டெங்கு... நாலே நாள். முப்பத்து நான்கு வயது.

சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் நானும் அவளும் ஐந்து வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் புரோகிராமர், அவள் டெஸ்டர். திருத்தணியிலிருந்து தினமும் ஒரே ரயில்.

அந்தக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் இன்று அவள் போட்டோவைப் போட்டு, "எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்" என்று எழுதியிருக்கிறார்கள். குடும்பமாம்! வாயில் நன்றாக வருகிறது.

ரேவதிக்குத் திருத்தணிப் பக்கம் அம்மையார்குப்பம். வீட்டிலேயே நாலு பவர்லூம் தறி. அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள்.

இது தெரியாமல் கதைக்குள் நாமே ஆளாக நுழைந்து ஆடும் எங்கள் ஆர்பிஜி கேமை அவளிடம் டெஸ்ட் பண்ணக் கொடுத்தோம். அதில் ராஜா, மந்திரி, கடைக்காரன் எல்லோருக்கும் ஒரே வாயசைப்புதான். மீன் மாதிரி திறந்து மூடும்.

"இன்னாபா இது, ராஜா போருக்குப் போன்னு சொல்றாரு, ஒதட்டப் பாத்தா பப்பா பப்பான்னுது?" என்றாள். ஆபீஸே சிரித்தது. நானும்தான்.

இன்னொரு நாள் ரயிலில், அரக்கோணம் தாண்டியதும், போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஏதோ வெளிநாட்டு கேம். கதை தொடங்கும் முன்பே, பேச்சைக் காட்டும் எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், பேசுகிறவர் பெயரும் வேண்டுமா என்று கேட்டது.

"பாத்தியா... வூட்டுக்கு வந்தவங்கள மொதல்ல தண்ணி வோணுமான்னு கேக்கறா மாதிரி கேக்குது. நம்முது கேக்குதா?"

எங்களுடையது கேட்காது. அதில் சப்டைட்டிலே கிடையாது. நடுவில் ஒரு ஆற்றுப்பாலம் வரும். எந்தப் பலகையில் கால் வைக்க வேண்டும் என்று பாலத்துக் காவல்காரர் குரலில் மட்டும் சொல்வார். வேறு எங்கும் எழுதியிருக்காது. காதில் விழவில்லையா, ஆற்றில் விழுந்து சாக வேண்டியதுதான். இதற்குப் பெயர் டிசைனாம்!

சப்டைட்டில் இல்லாதது பிழை என்று ஆறு முறை பக் ரிப்போர்ட் எழுதினாள். கடைசியில் ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் டிசைன் ஹெட் சிரித்துக்கொண்டே கேட்டார். "காது கேக்காதவங்க எதுக்கு கேம் ஆடணும்?"

"எங்க நைனாவுக்கு காது கேக்காது சார்," என்றாள். "தறி ஓட்டி ஓட்டியே போயிடுச்சு. நேத்து பூரா போனை வெச்சிகினு அந்தப் பாலத்துலயே செத்துகினு இருந்தாரு. எனக்குத்தாம்மா மூள இல்லன்றாரு. மூள இல்லாதது அவருக்கா சார்?"

சப்டைட்டில் போட எனக்கு இரண்டு வாரம் போதும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என்னைத்தான் பார்த்தாள்... நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

"தேவையில்லை" என்று போட்டு அந்த ரிப்போர்ட்டை மூடியது நான்தான். மூடச் சொன்னார்கள், மூடினேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

அன்று சாயங்காலம் ரயிலில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நேற்று அம்மையார்குப்பம் போனேன். தறி நான்கும் நின்றிருந்தன. அவளுடைய நைனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக என்னவோ உளறினேன்.

"நீதான் அந்த ஆட்டம் செஞ்ச புள்ளயா?" என்றார். "அந்தக் காவக்காரன் பேசறப்போ ரேவதி எம் முன்னாடி வந்து குந்திகினு, அவன் சொல்றத அப்படியே வாயால சொல்லிக் காட்டுவா. அதப் பாத்துதான் பாலத்தத் தாண்டனேன். அப்பால ஆட்டத்துல யார் பேச வந்தாலும் அவதான் சொல்லுவா. அப்டியே வந்துகினு இருந்தோம்."

போனை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு கேட்டார். "இன்னும் எவ்ளோ பேரு பேச வேண்டியது பாக்கி கீது பா?"

பாதிக் கதைகூட முடியவில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

போய் வா, ரேவதி. என்னை மன்னிக்காதே.