பல்லு மிஸ்ஸி வீடு

பல் தாதிப் பயிற்சிக்கு நான் பினாங்கு போகப்போகிறேன் என்ற செய்தி எங்கள் உறவுக்காரர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாதி என்றாலாவது பரவாயில்லை, அடுத்தவர் வாய்க்குள் கையை விடுகிற வேலைக்கு கல்யாண வயதில் இருக்கிற பெண்ணை அனுப்புவார்களா என்று கேட்கப் பெரியப்பா மலாக்கா காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா செமாபோக் பக்கம் ஓடும் பஸ்ஸில் டிரைவர். வேலை முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வெள்ளக்காரன் எதிர்ல உட்கார வச்சுக் கேள்வி கேட்டிருக்கான். அவ இங்கிலீஷ்லயே பதில் சொல்லியிருக்கா. நம்ம ஆளுங்கள்ல எத்தன பொண்ணுக்கு இது கெடைக்கும்? போகட்டும்லா."

பெரியப்பா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நான் ரயிலேறியபோது வெள்ளைக்காரன் ஆட்சி. படிப்பை முடித்து மலாக்காவுக்குத் திரும்பியபோது அரசாங்க அலுவலகங்களில் புதுக் கொடி பறந்தது. எனக்கு வெள்ளைச் சீருடையும் தலைக்கு ஒரு தொப்பியும் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அந்தச் சீருடையைக் கஞ்சி போட்டு, நிழலில் காயவைத்து, தானே பெட்டி போடுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அப்பாவோ பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றியே பேசினார். ஒருநாள் சீருடையோடு அவர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வண்டியை எடுக்காமல் பின்னால் திரும்பி, "இதுதான் என் மக. பல்லு மிஸ்ஸி," என்று தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை சொன்ன பிறகுதான் கியரைப் போட்டார். சந்தைக்குப் போன சீனப் பெண்மணி ஒருவர் கூடையை மடியில் எடுத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. இருந்தாலும் முதுகை நிமிர்த்தித்தான் உட்கார்ந்தேன்.

முதலில் சோதித்தது எங்கள் வீட்டை. தம்பி தங்கை இருவருக்கும் கடைவாயில் ஓட்டைகள். அதுவரை எல்லாரும் கரித்தூளை விரலில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு பிரஷ் வாங்கி வந்து, ஈறிலிருந்து பல்லை நோக்கி எப்படித் தேய்ப்பது என்று கிணற்றடியில் நின்று காட்டினேன். அம்மாவுக்கு வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டுப் பற்கள் கறுத்திருந்தன. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். அப்பாவின் வாயை மட்டும் பார்க்கவே முடியவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்பார். ஆனால் அவர் பக்கத்தில் போனால் கிராம்பு வாசனை அடிக்கும்.

பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதுதான் என் வேலை. என்னை முதலில் அனுப்பியது ஒரு தமிழ்ப்பள்ளிக்கு. தலைமையாசிரியர் அறைக்குப் பின்னால் ஒரு சிறிய அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மடக்கு நாற்காலியை விரித்தேன். பல்லைக் குடையும் இயந்திரம், தையல் மெஷின் மாதிரி, காலால் மிதித்தால் சுற்றும். எண்ணெய் விட்டு ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் போதுமானதாக இருந்தது. வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகள் ஓட்டமெடுத்தார்கள். சிலர் வேலியைத் தாண்டிவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் ஓடத் தெரியாமல் வராந்தாத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

தலைமையாசிரியர் பிரம்போடு வந்தார். "மிஸ்ஸி, நீங்க உள்ள இருங்க. நான் ஒவ்வொண்ணாப் பிடிச்சுக் கொடுக்குறேன்."

"வேண்டாங்க சார். அடிச்சு உட்கார வச்சா, வளர்ந்த பிறகும் இந்த நாற்காலிப் பக்கம் வரமாட்டாங்க."

துணிச்சலாகத்தான் சொன்னேன். ஆனால் மத்தியானம்வரை ஒரு பிள்ளையும் வரவில்லை. பினாங்கில் படித்ததெல்லாம் வாய்க்குள் என்ன செய்வது என்றுதான். வாயைத் திறக்க வைப்பது எப்படி என்பது எனக்குத் தெரியவில்லை. துடைத்த கருவிகளையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அம்மா சோற்றுக் கேரியரோடு வந்தார். முதல் நாள் நான் கடையில் சாப்பிடக்கூடாதாம். காலி நாற்காலியைப் பார்த்தார், தூரத்தில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார்.

"என்னம்மா, ஒருத்தரும் வரலயா?"

"பயப்படுறாங்கம்மா."

அம்மா கேரியரை வைத்துவிட்டு வெளியே குழாயடிக்குப் போனார். வெற்றிலையைத் துப்பி, பலமுறை வாய் கொப்பளித்தார். பிறகு உள்ளே வந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"எல்லாரும் வாங்க. வந்து என் வாயப் பாருங்க," என்று கூப்பிட்டார்.

பள்ளிப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் நான் சிகிச்சை செய்யக்கூடாது. பார்ப்பதற்குத் தடையில்லை. சிறு கண்ணாடியை எடுத்து அம்மாவின் வாயில் வைத்தேன். வீட்டில் எங்கள் முன்னால்கூட வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவர், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால் வாயை அகலத் திறந்தார். முதலில் பெரிய பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கால்களுக்கிடையில் புகுந்து சின்னதுகளும் வந்தன. தூணைக் கட்டிக்கொண்டிருந்த சிறுமியும் வந்துவிட்டாள்.

"பல்லு ஏன் கறுப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தேய்க்காம விட்டுட்டேன். வலிச்சா கிராம்பு வச்சுக்கிட்டேன். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எனக்குச் சொல்ல மிஸ்ஸி யாரும் இல்ல. உங்களுக்கு ஒருத்தி இருக்கா பாருங்க. என் மக."

நான் கண்ணாடியைக் கழுவி வைத்தேன்.

அம்மா இறங்கி, அந்தச் சிறுமியைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். பக்கத்திலேயே நின்று கையைக் கொடுத்தார். கடைவாய்ப் பல்லில் சின்ன ஓட்டை. மெதுவாக மிதித்துக் குடைந்து, சுத்தம் செய்து, வெள்ளிக் கலவையை வைத்து அடைத்தேன்.

"வலிச்சுதா?"

கிண்ணத்தில் துப்பிவிட்டுச் சொன்னாள்: "கூசுச்சு. அவ்வளவுதான்."

வெளியே ஓடிப்போய் ஒவ்வொருவரிடமும் வாயைத் திறந்து, தன் வெள்ளிப் பல்லைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு முந்தி உனக்கு முந்தி என்று தள்ளுமுள்ளு. பள்ளி மணி அடித்த பிறகும் நான் மிதித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொண்டுவந்த சோறு ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியான சோற்றை நான் சாப்பிட்டதில்லை.

அன்று சாயந்திரம் அப்பா வந்து உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாருங்க. அத்தன புள்ளைங்க முன்னாடி நான் வாயத் தொறந்தேன். நீங்க பஸ்ஸு பூரா மகளப் பத்திப் பேசுறீங்க. அவகிட்ட வாயக் காட்ட மாட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் டிரைவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாயைத் திறந்தார். கீழ்க்கடைவாயில் ஒரு பல் வேர்வரை போயிருந்தது. ஈறில் சீழ் கட்டியிருந்தது. இவ்வளவு வலியோடு எப்படித்தான் வண்டி ஓட்டினாரோ.

"அப்பா, இத நான் தொடக்கூடாது. ஆஸ்பத்திரியில டாக்டர்தான் எடுக்கணும். நான் கூட வரேன்."

"நீ வர்றியா? சரி, அப்ப போலாம்."

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் சீனர், அதிகம் பேசாதவர். வெள்ளத்தில்கூடப் பஸ்ஸைத் தயங்காமல் விடுகிற அப்பா, ஊசியைக் கண்டதும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பல்லை எடுத்து முடித்ததும், இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது யார் வரச் சொன்னது என்று டாக்டர் மலாயில் கேட்டார். வாயில் பஞ்சோடு அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

"என் மக. உங்க டிபார்ட்மெண்ட்தான்."

டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மற்ற பற்களைக் காப்பாற்றிவிடலாம், சரியான நேரத்தில் அழைத்து வந்திருக்கிறீர்கள் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார்.

அப்பாவைத் தொடர்ந்து அம்மாவும் அதே டாக்டரிடம் போனார். உடைந்த முன்பல்லுக்குப் பதில் பொய்ப்பல் கட்டிக்கொண்டார், புகையிலையை விட்டார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கூடியது. எங்கள் வீட்டைத் தெருவில் 'பல்லு மிஸ்ஸி வீடு' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

பக்கத்தில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளில் ஒரு குடும்பம் இருந்தது. சாமி கும்பிடுவது எங்களைப் போலத்தான், பேசுவது மலாய். அந்த வீட்டு அக்கா ஒருநாள் தன் குழந்தையின் அரித்துப்போன முன்பற்களைக் காட்ட வந்தார். நான் சீருடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அம்மாவே தன் மலாயில் விசாரித்துவிட்டிருந்தார். டின் பாலைப் புட்டியில் ஊற்றி, குழந்தையை அப்படியே தூங்க வைக்கிறார்களாம். தூங்குமுன் புட்டியை எடுத்துவிடு, ஈரத்துணியால் பல்லைத் துடை என்று, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு வேலையே வைக்கவில்லை.

அதற்கப்புறம் அம்மாவோடு கோவிலுக்கோ கடைக்கோ நடந்தால், பிள்ளைகள் வழியில் நின்று வாயைத் திறந்து பல்லைக் காட்டும். பெரும்பாலும் அம்மாவிடம்தான் காட்டும்.