தங்கச்சி வெட்டிய கல்யாணப் பசோ

எங்கள் தையல் கடையின் ஷட்டரை மேலே தள்ளிக்கொண்டிருந்தபோது தெரு முனையில் யாரோ ஓர் ஆள் வருவது போலத் தெரிந்தது. கிட்டே வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தங்கை!

அவள் போட்டிருந்தது அவள் வீட்டுக்காரரின் தைபோன். பர்மா ஆண்கள் கல்யாணத்துக்குப் போடும், காலர் இல்லாத, துணி முடிச்சுப் பொத்தான் வைத்த மேல்சட்டை. தோளைக் குறுக்கி இடுப்பைப் பிடித்துத் தைத்திருந்தாள். கீழே கத்தரிப்பூ நிறப் பட்டில் கால்சட்டை. அந்தப் பட்டை எனக்குத் தெரியும். அவர்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை இடுப்பில் கட்டியிருந்த பசோ.

"என்னடி இது? வெட்டிட்டியா?"

"நல்லா இருக்கா, அக்கா?"

பசோவும் பெண்கள் கட்டும் தமெயும் வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒரே கைலிதான். யாங்கோனில் இரண்டையும் ஒரே வாளியில் ஊறவைக்க மாட்டோம், ஒரே கொடியில் காயப்போட மாட்டோம். பெண் ஒருதரம் கட்டிவிட்டால் அந்தப் பசோவை ஆண் மறுபடி தொடக்கூடாது, அவனுடைய மகிமை கெட்டுவிடும் என்பார்கள். நாங்கள் காளி கோயிலுக்குப் போகிற தமிழ்க் குடும்பம். ஆனாலும் எங்கள் அம்மாவும் அப்படித்தான் துவைத்தாள்.

தங்கை வீட்டுக்காரர் பர்மாக்காரர். பட்டாளத்துக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயந்து பையன்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் அவரும் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா தங்கையோடு தின்கன்ஜூன் வீட்டில்தான் இருந்தார். நாங்கள் இருவருமே அவரை 'அமே' என்போம், பர்மியில் அம்மா. மகனின் பசோக்களைப் பூஞ்சை பிடிக்காமல் வெயில் காட்டி மடித்து வைப்பது அமேயின் வேலை.

"அமேக்குத் தெரியுமாடி?"

"போன்ல அவருகிட்ட கேட்டுட்டேன். பொட்டியில கெடந்து என்னா செய்யப்போவுது, வெட்டிக்கன்னாரு."

"அமேக்குத் தெரியுமான்னுதான் கேக்குறேன்."

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அன்று இன்சீனில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். அதே உடையோடு, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஏறினாள். நானும் கூடப் போனேன். எதிரே இருந்த பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து வேறு பெட்டிக்குப் போனார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மண்டபத்திலோ இளம்பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு படம் எடுத்துத் தள்ளினார்கள்.

அந்தப் படம் அமேயின் கைப்பேசிக்கும் போயிருக்கிறது. மறுநாள் கடைக்கு வந்தார். கத்துவார் என்று பயந்தேன். தங்கை கடையிலேயே கழற்றி ஹேங்கரில் மாட்டியிருந்த கால்சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பர்மியில், மெதுவாகக் கேட்டார்:

"என் மகன் திரும்பி வரமாட்டான்னு முடிவு பண்ணிட்டியா, மகளே?"

தங்கை ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, அமே! அவருதான் வெட்டிக்கச் சொன்னாரு."

"அவன் சொல்லுவான். அவன் பசோவை வெட்டுறது அவன் ஆயுசை வெட்டுற மாதிரி. நீ எப்படி வெட்டினே?"

அன்று மாலையே மிச்சமிருந்த பசோக்களை மூட்டை கட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் படகு ஏறிவிட்டார். தங்கை போன் செய்தால் எடுப்பதில்லை.

இதற்கு நடுவே கடைக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். படத்தில் பார்த்த மாதிரியே வேண்டுமாம். புதுத்துணி கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். பையிலிருந்து எடுத்தது எல்லாம் கட்டிப் பழகிய பசோக்கள்.

"யாருது?" என்று முதல் பெண்ணிடம் சும்மாதான் கேட்டேன்.

"தம்பியுது. தாய்லாந்து போயிட்டான்."

அடுத்தவள் கணவனுடையது என்றாள். கல்லூரிப் பெண் ஒருத்தி அண்ணனுடையது என்றாள். எங்கே இருக்கிறார் என்றதற்கு, "தெரியல" என்று தரையைப் பார்த்தாள். எங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டில் ஆண் இல்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு தாய் மகனின் கட்டம் போட்ட பசோவை மேஜையில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமலே இருந்தாள். "கத்தரி வைக்காதீங்க. அவன் வந்தா பிரிச்சுக் குடுக்கணும்."

நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை அந்தப் பசோவை வாங்கித் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டாள். குழாய் போன்ற துணியின் நடுவில், கீழ் விளிம்பிலிருந்து மேலே முக்கால்வாசி தூரம் ஒரே ஒரு நேர்த்தையல் ஓட்டினாள். இரண்டு கால் வந்துவிட்டது. இடுப்பை உள்ளே மடித்து நாடா கோத்தாள். உடுத்தினால் தொளதொளவென்று அழகாக விழுந்தது. நூலை உருவிவிட்டால் மறுபடி பசோ.

"இத மொதல்லயே யோசிச்சிருக்கலாமேக்கா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஹேங்கரில் தொங்கிய தன் கால்சட்டையைப் பார்த்தாள்.

மறுநாளே அவள் டாலாவுக்குப் போனாள். பசோவை வெட்டித் தைத்த அந்த உடையிலேயே போகாதே என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே சொன்னதில்லை. பொழுது சாயும் நேரத்தில் தங்கை வீட்டு வாசலில், சைக்கா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியிலிருந்து அவளோடு அமேயும் இறங்கினார், கையில் அதே மூட்டையோடு.

மூட்டையைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். "இதுல கை வைக்காதே. கத்தரியும் வேணாம், ஊசியும் வேணாம்." தங்கை சரி என்று தலையாட்டினாள். இன்றுவரை தொடவில்லை.

அமே இப்போது பகலில் கடையில்தான் இருக்கிறார். தையலில் வெகுநாள் தலையிடவே இல்லை. பையோடு வருகிற பெண்களுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "எப்ப போனான்?" என்று கேட்கிறார். அளவெடுக்க வந்தவர்கள் தேநீர் ஆறும்வரை அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் அழுகிறார்கள். போன வாரம் ஒரு பெண் தைத்த கால்சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அமே முதல்தடவையாக என்னைக் கூப்பிட்டு, "இடது பக்கம் தூக்கியிருக்கு பாரு, பிரிச்சுத் தை," என்றார்.