புகையாத வீடு

இப்போது நினைத்தாலும் அந்தச் சந்து எனக்குப் புகைக்குள் மிதந்துகொண்டுதான் வருகிறது. ஜோகுபாளையத்தில் மில் ஆட்கள் குடியிருந்த சந்து. விடியற்காலையில் ஓட்டுக்கூரைகளிலிருந்து புகை இறங்கிப் பனியோடு கலந்து எதிர்வீட்டையே மறைத்துவிடும். கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் அதற்குள் நடப்பேன். சுகமாக இருக்கும்.

மில் நொடித்துக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்குப் பாதி நாள்தான் வேலை. பக்கத்து வீட்டிலும் அதே கதை. அந்த வீட்டம்மாவை நான் பெரியம்மா என்பேன். அவர்கள் ஆர்க்காட்டுப் பக்கத்து இந்துக்கள், நாங்கள் வேதக்காரர்கள். விறகுப் பஞ்சத்துக்கு வேதம் ஏது? அம்மாவும் பெரியம்மாவும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் எங்கள் அடுப்பு, மறுநாள் அவர்கள் அடுப்பு. பானை அவரவருடையது, நெருப்பு மட்டும் பொது.

பிளேக் வந்து போனபின் சர்க்காருக்கு ஞானம் பிறந்தது. சந்துகளை இடித்துவிட்டு, காற்றாட அகலத் தெருவும் புது வீடுகளும் கட்டித் தருவார்களாம். கணக்கெடுக்க ஒரு குமாஸ்தா வந்தார். பிளேக் கேம்புக்கு ஆள் பிடித்துப் போனது யாருக்கும் மறக்கவில்லை; ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. மனிதர் யோசித்தார். புகைகிற வீட்டுக் கதவில் சுண்ணாம்புக் கோடு, புகையாத வீடு காலி. கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றது! அன்றைக்கு எங்கள் முறை. பெரியம்மா வீட்டுக் கதவில் கோடு விழவில்லை.

அவர்களுக்குப் புது வீடு கிடையாது என்று ஆயிற்று. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்காவ ரோட்ல விட்டுட்டு நான் மட்டும் அங்க போயி குந்தணுமா?" என்று அப்பாவைக் கேட்டாள். அதோடு விடவில்லை. தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்று, தமிழிலும் அரைகுறைக் கன்னடத்திலும் குமாஸ்தாவின் உயிரை வாங்கினாள். கடைசியில் அவர் ஒரு வீடு எழுதிக் கொடுத்தார். மிச்சமிருந்தது தெருவின் மறுகோடி வீடு.

புதுத் தெருவில் முதல் காலை. அத்தனை வெளிச்சம் எனக்குப் பிடிக்கவே இல்லை. புதிதாக நட்ட மரக்கன்றுகளுக்கு நடுவில் தெரு கனவில் வருகிற தெருவைப்போல நீண்டு கிடந்தது. புகைகூட நேராக மேலே போய்க் காணாமல் போயிற்று. அம்மா அடுப்பை மூட்டிச் சட்டியில் நெருப்புக் கங்கை அள்ளிக்கொண்டு பெரியம்மா வீட்டுப் பக்கம் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

பாதித் தெருவில் பெரியம்மா எதிரே வந்தாள். அவள் கையிலும் சட்டி, அதிலும் கங்கு. வீடு மாறின அலைச்சலில் யார் முறை என்று இரண்டு பேருக்கும் மறந்திருந்தது. இனி முறை எதற்கு? இவ்வளவு தூரம் பானையைத் தூக்கிக்கொண்டு யார் வரப்போகிறார்கள்? அது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா குனிந்து தன் கங்கை மண்ணில் கொட்டினாள். மேலே மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தாள். வெறும் சட்டியை நீட்டினாள்.

"எங்க வீட்ல நெருப்பு இல்லக்கா. கொஞ்சம் குடுங்க."

பெரியம்மா எங்கள் வீட்டுக்கு மேலே எழுந்த புகையைப் பார்த்துக்கொண்டே, பாதிக் கங்கை அம்மாவின் சட்டியில் போட்டாள்.